கேபின் மூன்றும் ஐந்தாவது ஏனும்

பூமி ஒரு நாளைக்கு ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. இத்தனை காலமாக அதை யாரும் தட்டிக் கேட்கவில்லை. ஒரே ஒரு மதியம் நாச்சியார் கையில் கொடுத்துப் பார்த்திருந்தால், மூடியைக் கழற்றி, உள்ளே ஊதித் தூசி தட்டி, சிகரெட் பெட்டித் தாளில் எள்ளளவு கிள்ளி ஒட்டி, மூன்று நாளில் நான்கு சுற்று சுற்ற வைத்திருப்பாள். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை அத்தனை கம்பெனியும் ஷிப்ட் நேரத்தை மாற்றி எழுதியிருக்கும். இந்த வேகத்துக்குத் தன்னால் உதிக்க முடியாது என்று சூரியன் லீவு கேட்டு வந்திருக்கும். நாச்சியார் கொடுத்திருக்க மாட்டாள். "ஏன் முடியாது?" என்பாள். சூரியன் ஒரு காரணம் சொல்லும். "அது ஏன்?" என்பாள். ஐந்தாவது ஏனில் சூரியனே தப்பை ஒப்புக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருக்கும்.

இப்பேர்ப்பட்ட நாச்சியார் குடியிருந்தது வல்லம் வடகாலில், அம்சவல்லி கட்டிய லைன் வீட்டில், நாலாம் நம்பர் அறை. சிப்காட் போக மிச்சமிருந்த துண்டு நிலத்தில் எட்டு அறைகளை ரயில் பெட்டி மாதிரி நிறுத்தி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள் அம்சவல்லி. மே மாதத்தில் அந்த அறைகளுக்குள் அப்பளத்தைக் காட்டினாலே பொரிந்துவிடும்.

நாச்சியாருக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் மூன்று வருட ட்ரெய்னி. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் ஐடி கார்டு தொங்கும். நிரந்தர ஆட்களுக்கு நீலக் கயிறு. வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். எந்தப் பொருளில் குறை வந்தாலும் அதில் சிவப்புச் சீட்டைக் கட்டித் தனியாக வைப்பார்கள். பிறகு ஐந்து கட்டம் போட்ட தாளை எடுத்து ஐந்து முறை 'ஏன்' கேட்பார்கள். முதல் ஏனுக்கு வருகிற பதில் சாக்காம். ஐந்தாவது ஏனுக்கு வருவதுதான் நிஜமாம். மற்றவர்கள் இதைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு பஸ் ஏறினார்கள். நாச்சியார் டிபன் பாக்ஸோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பால் ஏன் திரிந்தது, வாளி ஏன் உடைந்தது, ஆறாம் நம்பர் மீனம்மாள் ஏன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பவுடர் போடுகிறாள் என்று எல்லாவற்றுக்கும் ஐந்து ஏன். மீனம்மாள் மூன்றாவது ஏனிலேயே அழுதுவிட்டாள்.

கேள்வி அதிகமாக விழுந்தது கவிப்பிரியா மேல்தான். கவிப்பிரியா அம்சவல்லியின் ஒரே மகள், பதினாறு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கு அவளைக் கைவிட்டது, அதற்குப் பதிலாக அவள் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டாள். உப்பு டப்பாவில் 'சர்க்கரை' என்று சீட்டு ஒட்டுவது, தண்ணீர் கொட்டுகிற நாளில் குழாயடியில் 'இன்று தண்ணீர் வராது' என்று அட்டை மாட்டுவது போன்ற பொதுத்தொண்டுகளில் அவளுக்குப் பொழுது போனது.

இரண்டாயிரத்துப் பதிமூன்று மே மாதம். நாச்சியாரின் மூன்று வருடம் முப்பத்தோராம் தேதியோடு முடிகிறது. முடிந்தால் கார்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, அவருடைய மீசை நீளம்வரை போனில் சொல்லிவிட்டிருந்தார்கள். தப்பிக்க ஒரே வழி, கருவிகளைச் செய்கிற டூல் ரூம். அங்கே டிசைன் வேலைக்கு ஓர் ஆள் எடுக்கிறார்கள். தன் லைனில் ஓடுகிற ஏதாவது ஒரு பாகத்துக்கு, வெல்டிங் செய்யும்போது அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்சர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் முழு வடிவமாக வரைந்து இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். டூல் ரூம் சுப்பிரமணி சார் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். ஏழு பேர் போட்டி.

ஆறு பேரிடம் லேப்டாப் இருந்தது. நாச்சியாரிடம் கேபின் மூன்று இருந்தது. சுங்குவார்சத்திரத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து தீபாவளி போனஸில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. நெற்றியில் 'கேபின் 3' என்ற ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உரித்துப் பார்த்தாள், வரவில்லை, அதுவே பேராகிவிட்டது.

நாச்சியார் முதல் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு அறைக்கு வருவாள். நாலு மணிக்குக் கரண்ட் வரும், ஆறு மணிக்குப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஃபிக்சர் படத்தைத் திறக்கவே கேபின் மூன்றுக்கு இருபத்துநாலு நிமிடம் ஆகும். ஒரு பக்கம் திருப்பச் சொன்னால், சொன்னவள் போய்த் துணி துவைத்துவிட்டு வரலாம்.

"இன்னாக்கா, உன் கம்ப்யூட்டரு யோசிக்குதா, தூங்குதா?" என்று வாசலில் சாய்ந்து கேட்டாள் கவிப்பிரியா.

"ரெண்டும் இல்லட்டி. அதுக்கு ஓடத் தெம்பு இருக்கு. ஓட விட மாட்டேங்காவ."

"யாரு?"

நாச்சியார் கம்ப்யூட்டரின் மூளையான சிப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். தபால் தலை அளவு. அடியில் பொடிப்பொடியாகத் தங்கப் பொட்டுகள்.

"இந்தா, இந்தப் பொட்டெல்லாம் இருக்குல்லா, இதுதாம் இதோட ஐடி கார்டு. போர்டு இருக்கே, அது நம்ம கேட்டுல நிக்க செக்யூரிட்டி. கார்டப் பாத்துட்டு, 'நீ ஒண்ணு புள்ளி எட்டு, அந்த வரிசையில போ'ங்கும். உள்ள இருக்கவன் ரெண்டு புள்ளி நாலு ஓடுவான். ஆனா கயிறு மஞ்சளு."

"அதுக்கு?"

"இந்தப் பொட்டையும் பக்கத்துப் பொட்டையும் துளிபோல வெள்ளித் தாள வச்சு சேத்துட்டா, செக்யூரிட்டி கண்ணுக்குக் கயிறு நீலமாத் தெரியும். வெரசா போற வரிசையில விட்டுருவான். இண்டர்நெட்டுல ஒருத்தன் படம் போட்டு வெளக்கிருக்கான்."

"கள்ள கார்டு அடிக்கிறேன்னு சொல்லு."

"ஓவர்கிளாக்குன்னு சொல்லுவாவ."

கவிப்பிரியா யோசித்தாள். "ஓவர், கிளாக்கு. மணி முடிஞ்சும் வேலை வாங்கறது. ஓ.டி.தானே?"

"அப்படித்தாம் வச்சுக்கயேன்," என்றாள் நாச்சியார். "வெள்ளித் தாளுக்கு சிகரெட்டுப் பெட்டி ஒண்ணு வேணும். ஒங்க அப்பாட்ட கேட்டு வாங்கித் தாயேன்."

கவிப்பிரியா நேராகப் போய்த் தன் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதில் பொய் ஒரு சொட்டுகூட இல்லை. "நாலாம் நம்பர் அக்காவுக்கு சிகரெட்டுப் பெட்டி வேணுமாம்."

அம்சவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இன்னாம்மா நாச்சியார், பொம்பளப் புள்ளைங்க இருக்கிற எடம்மா இது."

"என்னக்கா ஆச்சு?"

"எங்க வூட்டு ஆம்பளையே ரோட்டுல நின்னுகினுதான் புடிக்கிறாரு."

"என்னத்தப் புடிக்காவ?"

"நீ கேட்டியே, அத்த."

நாச்சியாருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "பெட்டி மட்டும் போதும்க்கா. சிகரெட்ட அவியளே வச்சுக்கிடட்டும்."

அம்சவல்லிக்கு இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்கு ஓ.டி. குடுக்குது மா அக்கா," என்றாள் கவிப்பிரியா.

"ஓ.டி.ன்னா கரண்ட்டு ஜாஸ்தி ஓடுமா?"

"கொஞ்சம்க்கா," என்றாள் நாச்சியார்.

"கொஞ்சம்னா?"

"ஒரு குண்டு பல்பு அளவு."

"எந்த பல்பு? நம்ம பாத்ரூமு பல்பா, வாசல் பல்பா?"

பாத்ரூம் பல்பு என்று பேசி முடித்தார்கள். கவிப்பிரியாவின் அப்பா தணிகாசலத்தின் சட்டைப் பையிலிருந்து காலிப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அவருக்கு ஏன் எதற்கு என்று எதுவும் தெரியாது. அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார்.

மறுநாள் நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. நாச்சியார் நகவெட்டியால் வெள்ளித் தாளில் ஒரு துணுக்கை வெட்டி, புருவம் பிடுங்குகிற இடுக்கியால் எடுத்து, பொட்டு மேல் வைத்து ஒட்டினாள். சிப்பை மாட்டி, மேலே சூட்டைக் கடத்தும் சாம்பல் பசையைத் தடவி, காற்றாடியைப் பொருத்தினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அழுத்தினாள்.

டப்பென்று வெடித்தது.

வெடித்தது கவிப்பிரியா. அதாவது, ஊதிப் பின்னால் மறைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை அந்த நொடியில் அடித்து உடைத்தவள் அவள். முந்தின நாளே இதற்கென்று நல்ல கவராகத் தேடி வைத்திருந்தாள். கிழிந்த கவரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நாச்சியார் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை கறுப்பாக இருந்தது. அணைத்துப் போட்டாள். கறுப்பு. மறுபடி அணைத்துப் போட்டாள். கறுப்பு.

நாச்சியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இடுக்கியைத் தரையில் வைத்தாள்.

"நான் சும்மா கவருதான்க்கா உடைச்சேன். அதுக்கும் இதுக்கும்..."

"ஒண்ணும் இல்லட்டி. நீ போ."

"மெய்யாலுமே போயிடுச்சா?"

"போயிருந்தா எனக்கும் டிக்கெட்டுதாம். இதுல வரைஞ்சாத்தாம் டூல் ரூமு. இல்லன்னா வெள்ளிக்கெழம கார்டு, சனிக்கெழம பஸ்ஸு. நீ போ, நா பாத்துக்கிடுதேன்."

அந்த நாலாம் நம்பர் வாசலில் கவிப்பிரியா எத்தனையோ ஏன் வாங்கியிருக்கிறாள். 'ஏன் கவர் உடைச்ச?' என்று அன்றைக்கு நாச்சியார் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவிப்பிரியா அன்று சாயங்காலம் குழாயடியில் மாட்டியிருந்த அட்டையை யாரும் சொல்லாமலே கழற்றினாள்.

அடுத்த நாள் நாச்சியார் ஐந்து கட்டத் தாளோடு உட்கார்ந்தாள். திரை ஏன் வரவில்லை? சிப்பு முழிக்கவில்லை. ஏன்? கார்டு புரியவில்லை. ஏன்? மூன்று பொட்டு சேர்ந்திருக்கிறது. ஏன்? துணுக்கு பெரிது. ஏன்? நகவெட்டியால் வெட்டினாள். பிளேடை எடுத்து, எறும்பின் தலை அளவுக்கு நறுக்கி ஒட்டினாள். இந்த முறை கவிப்பிரியா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் அறைக்குள் வந்தாள். சுவிட்சைப் போட்டதும் திரை வெளுத்தது. ஓர் ஓரத்தில் '2.40' என்று வந்தது.

"நீலக் கயிறு," என்றாள் நாச்சியார் மெதுவாக.

படம் பதினெட்டு நிமிடத்தில் திறந்தது.

"இந்த ஆறு நிமிசத்துக்கா இவ்ளோ அலப்பறை?"

"தொறக்கையில ஆறு நிமிசம். திருப்பையில, நறுக்கையில, சேமிக்கையில எல்லாம் மிச்சம். கூட்டிப் பாரு."

"கணக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லக்கா."

ஆனால் ஓ.டி. பார்க்கிற ஆளுக்கு உடம்பு கொதிக்கும். இருபத்தைந்தாவது நிமிடம் கேபின் மூன்று பட்டென்று படுத்துவிட்டது. ஆற வைத்து எழுப்பினால் மறுபடி கால் மணி நேரம், மறுபடி படுக்கை. மேலே ஷீட், வெளியே கத்திரி வெயில், உள்ளே ஓ.டி. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துப் பார்த்தாள், விசிறியால் வீசிப் பார்த்தாள். ஒரு கையால் வீசிக்கொண்டு மறு கையால் ஃபிக்சர் வரைய முடியவில்லை.

"டீ டைம் குடுக்காம வேலை வாங்குனா ஆளு மயக்கம் போடாம இன்னா பண்ணுவான்?" என்றாள் கவிப்பிரியா. சொல்லிவிட்டு வெளியே போனவள், அரை மணி கழித்து ஒரு டேபிள் ஃபேனோடு வந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். அந்த ஃபேன் ரிப்பேர். ரேஷன் கார்டுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஃபேன். ஓட விட்டால் டரடரவென்று மாட்டு வண்டி மாதிரி சத்தம் போடும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனிதர் யாரும் படுக்க முடியாது. யாருக்கும் உபயோகமில்லாமல் மூலையில் கிடந்ததை, தூக்கிப்போடப் போகிற வழியில்தான் கவிப்பிரியா நாலாம் நம்பருக்குக் கொண்டுவந்தாள். இதில் வேறு எந்த விசேஷமும் கிடையாது.

"இத ஏன் எனக்குத் தார?"

"காயலாங்கடைக்காரனே வேணாம்னுட்டான். மன்சனுக்குதான் சத்தம் ஆவாது. கம்ப்யூட்டருக்கு காதா கீது?"

திறந்த பெட்டிக்கு நேராக ஃபேனை வைத்ததும் கேபின் மூன்று எழுந்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் கரண்ட் போகும்வரை படுக்கவே இல்லை.

அம்சவல்லி வீட்டில் மட்டும் சின்னதாக ஒரு விசாரணை நடந்தது.

"எங்கடி நம்ம ஃபேனு?"

"ரிப்பேரு."

"நேத்துகூட நல்லாதானே சுத்திகினு இருந்திச்சி?"

"அதுக்கப்புறம்தான் ரிப்பேரு ஆச்சி."

அந்த வாரம் முழுக்கக் கவிப்பிரியா கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டுக்கொண்டு திரிந்தாள், கத்திரி வெயிலில். ஏன் என்று கேட்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் ஃபிக்சரில் மூழ்கியிருந்தாள்.

ஃபிக்சர் வளர்ந்தது. கார் சீட்டின் இடது காது என்று அவர்கள் சொல்கிற வளைந்த இரும்புத் துண்டுதான் அவள் எடுத்துக்கொண்டது. வெல்டிங் பிடிக்கும்போது அது எப்போதும் மயிரிழை வழுக்கும். மூன்று வருடமாக அதைத் தன் வலது கட்டை விரலால் அழுத்திப் பிடித்தே நாச்சியார் சமாளித்து வந்தாள். இப்போது அந்த விரல் இருந்த இடத்தில் ஒரு சின்ன இரும்புப் பிடியை வரைந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குக் கரண்ட் போக நாலு நிமிடம் இருக்கையில் படம் முடிந்து பென் டிரைவில் ஏறியது. வாசலில் நின்ற கவிப்பிரியா அதுவரை வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

திங்கட்கிழமை சுப்பிரமணி சார் ஏழு பேர் படத்தையும் பார்த்தார். நாச்சியாரிடம் ஒரே ஒரு ஏன்தான் கேட்டாராம். "இந்தப் பிடி ஏன் இங்க?" நாச்சியார் பதிலுக்குக் காய்த்துப்போன கட்டை விரலை நீட்டினாளாம். வியாழக்கிழமை முடிவு சொன்னார்கள். வேலை நாச்சியாருக்கு. டிசைன் ட்ரெய்னி, இன்னொரு வருடம். கயிறு மறுபடியும் மஞ்சள்தான். ஆனால் டிசைன் ரூமில் ஏசி உண்டு. ஆட்களுக்காக இல்லை, கம்ப்யூட்டர்கள் சூடாகக் கூடாது என்பதற்காக.

"பாத்தியாக்கா, அங்கியும் ஃபேன் கம்ப்யூட்டருக்குதான்," என்றாள் கவிப்பிரியா.

ஊர் மாப்பிள்ளையின் மீசை இன்னும் ஒரு வருடம் வளரலாம் என்று போனில் சொல்லியாகிவிட்டது. லைன் வீட்டுப் பெண்கள் எட்டு அறையும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை கேசரி கிண்டி, நாச்சியாருக்கு ஒரு பாராட்டு மடல் வாசிப்பது என்று முடிவானது. மடல் எழுதும் பொறுப்பு, வேறு வேலை இல்லாதவள் என்ற தகுதியில் கவிப்பிரியாவுக்கு வந்தது. அவளும் ஒரு நோட்டில் பூமி சுற்றுவதிலிருந்து ஆரம்பித்து, தன்னையும் யாரோ மூன்றாம் மனுஷி மாதிரி 'கவிப்பிரியா, கவிப்பிரியா' என்றே போட்டு, ஏசி வரைக்கும் எழுதி முடித்தாள். நீங்கள் இதுவரை படித்தது அதுதான்.

ஆனால் செக் பண்ணாமல் எதையும் வெளியே விடுவது நாச்சியாருக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை வாங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"பூமி மேட்டரு கொஞ்சம் ஓவரு."

"ஓவர்கிளாக்கு."

"மூதி. மீனம்மா அழுததல்லாம் எதுக்கு எழுதுன? வெட்டு." படித்துக்கொண்டே போனாள். 'குண்டு பல்பு' வந்த இடத்தில் சிரித்தாள். கவர் உடைந்த இடத்தில் சட்டென்று பக்கத்தைத் திருப்பினாள். பிறகு ஓரிடத்தில் பேனா நின்றது. "'அந்த ஃபேன் ரிப்பேர்.' இந்த வரி தப்பு."

"இன்னா தப்பு? சத்தம் வந்திச்சே."

நாச்சியார் அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன அட்டைத் துண்டை எடுத்து வைத்தாள். சிகரெட் பெட்டியிலிருந்து கத்திரித்த துண்டு. ஒரு முனை ரெக்கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. அதில் கம்பெனிச் சிவப்புச் சீட்டு ஒன்று நூல் போட்டுக் கட்டியிருந்தது. தேதி, ஃபேன் வந்த நாள்.

"கம்பிக் கூட்டுக்குள்ள சொருகி இருந்துச்சு. நீ அங்கிட்டுப் போன அஞ்சாவது நிமிசம் எடுத்துட்டேன். அதுக்குப் பொறவு சத்தம் வந்துச்சா?"

கவிப்பிரியா ஷீட்டை அண்ணாந்து பார்த்தாள். உதவிக்கு அங்கே ஒன்றும் இல்லை.

"அப்பமே கேக்கணும்னு இருந்தேன். ஃபிக்சர் முடியட்டும்னு விட்டேன்." ஐந்து கட்டத் தாளை எடுத்து நோட்டின் மேல் வைத்தாள். "ஃபேன் ஏன் சத்தம் போட்டுச்சு?"

"அட்ட மாட்டிகினு இருந்திச்சி."

"அட்ட ஏன் மாட்டுச்சு?"

"நான்தான் சொருவுனேன்."

"ஏன் சொருவுன?"

"ரிப்பேருன்னு சொல்றதுக்கு."

"ஏன் ரிப்பேருன்னு சொல்லணும்?"

"நல்ல ஃபேனுன்னா நீ வாங்க மாட்டே."

நாச்சியார் நாலு கட்டத்தையும் எழுதி நிரப்பினாள். பேனாவை ஐந்தாவதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நா வாங்கலன்னா ஒனக்கு என்ன? ஒனக்கு ஏன்?"

கவிப்பிரியாவிடம் எப்போதும் ஏதாவது ஒரு பதில் இருக்கும். அன்று கை தானாகக் கழுத்துக்குப் போய்த் துப்பட்டாவுக்கு அடியில் சொறிந்தது. நாச்சியார் எட்டி, துப்பட்டாவைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். பிடரி முழுக்க வேர்க்குரு, சிவப்புச் சிவப்பாக.

ஐந்தாவது கட்டத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனைக் கேபின் மூன்றுக்கு எதிரிலிருந்து எடுத்து கவிப்பிரியா பக்கம் திருப்பினாள். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"திரும்பி உக்காருட்டி," என்றாள், மீனம்மாளிடம் கடன் வாங்கி வைத்திருந்த பவுடர் டப்பாவைத் திறந்துகொண்டு.